செவர்ன் நதிக்கரையில் ஒரு பகல்



இங்கிலாந்துப் பிரயாணத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று நம் சங்கத்தின் காரியதரிசி எனக்கு எழுதியபோது, லண்டன் மாநகரத்தையும் அதன் கோபுரங்களையும் பற்றி ஏதாவது சொல்வேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். லண்டனைப் பற்றிச் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லியும் ஆயிற்று. நான் இன்று எடுத்துக்கொண்ட விஷயம் அந்தத் தேசத்தின் மேற்கே, செவர்ன் என்னும் நதியின் கரையில் இருக்கும் வூஸ்டர் என்ற நகரம். அதிலும், கால்வாய்ப் படகில் சென்ற நாங்கள் படகைக் கரையில் கட்டிவிட்டு, காலை முதல் அந்தி வரையில் அந்த நகரத்தில் சுற்றிவந்த ஒரே ஒரு பகல். ஒரு பகலில் ஒரு நகரத்தை அறிந்துவிட முடியுமா என்று கேட்டால், முடியாது என்பதே என் பதில். ஆயினும், வழிகாட்டிப் புத்தகங்களெல்லாம் யாத்திரிகனை ரயில் நிலையத்தில் இறக்கி நேரே தேவாலயத்தின் வாசலுக்கு அழைத்துக்கொண்டு போகின்றனவே, ஆற்றங்கரை ஊரைப் பார்க்க அது சரியான முறையன்று என்பது என் அபிப்பிராயம். தண்ணீரால் உண்டான ஊரைத் தண்ணீரின் பக்கத்திலிருந்துதான் பார்க்கத் தொடங்க வேண்டும். இங்கே எது எது நீர்வழியாக வந்து சேர்ந்தது, அதற்குக் கைம்மாறாக இந்த ஊர் நீருக்கு எதை விட்டுக்கொடுத்தது என்று கேட்டுக்கொண்டே நடந்தால், தேவாலயம் தன் முறை வரும்போது தானே எதிரே வந்து நிற்கும்.

முதலில் படகைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ‘நாரோபோட்’ என்று அந்த நாட்டில் வழங்கும் இந்தப் படகின் அகலம் ஏழடிக்குச் சற்றே குறைவு. நீளமோ எழுபது அடி வரையில் இருக்கும். இவ்வளவு நீளமான ஒன்றை இத்தனை ஒடுக்கமாகக் கட்டியதற்குக் காரணம், 18-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி முதலான இஞ்சினீயர்கள் மத்திய இங்கிலாந்தின் கால்வாய்களில் அமைத்த ‘லாக்’குகள் ஏழடி அகலமே உள்ளவை என்பதுதான். லாக் என்பது மேட்டிலுள்ள கால்வாயையும் பள்ளத்திலுள்ள கால்வாயையும் இணைக்கும் செங்கல் தொட்டி. இரு முனையிலும் கனத்த மரக்கதவுகள் உண்டு. படகு உள்ளே புகுந்ததும் மேற்கதவைச் சாத்திவிட்டு, கீழ்க்கதவில் உள்ள மதகுப் பலகையைத் தூக்கினால், தொட்டித் தண்ணீர் வடிய வடியப் படகும் தாழ்ந்துகொண்டே வந்து, கீழ்மட்டத்தை அடைந்தவுடன், அதுவரையில் நான்கு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாத கதவு ஒரு குழந்தையின் கைக்கும் இணங்கித் திறந்துகொள்ளும். மதகுப் பலகையைத் தூக்குவதற்கு முழங்கை போல் வளைந்த இரும்புத் திருகுகோல் ஒன்று தருகிறார்கள். அதைச் சுற்றும்போது பற்சக்கரத்தின் மேல் சிறு இரும்பு நாக்கு ஒன்று ‘டக், டக்’ என்று விழுந்து, சுற்றியது திரும்பிவிடாமல் பிடித்துக்கொள்ளும். அந்த நாக்கை ஏமாந்து விட்டுவிட்டால் திருகுகோல் வேகமாகச் சுழன்று மணிக்கட்டை முறித்துவிடும் என்று படகைக் கொடுத்தவர்கள் எங்களை மிகவும் எச்சரித்து அனுப்பினார்கள்.

பர்மிங்ஹாமிலிருந்து வூஸ்டருக்கு வரும் கால்வாய் 1791-இல் பார்லிமெண்டின் சட்டம் பெற்று, 1815-இல்தான் முழுதும் முடிந்தது. முப்பது மைல் நீளம். அதற்குள் 58 லாக்குகள். டார்டெபிக் என்ற இடத்தில் மட்டும் இரண்டேகால் மைலுக்குள் முப்பது லாக்குகள் படிப்படியாக இறங்குகின்றன. பிரிட்டனில் இவ்வளவு நீண்ட வரிசை வேறு எங்கும் இல்லை. மோட்டாரில் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய தூரத்துக்கு எங்களுக்கு நாட்கள் பிடித்தன. அவற்றை வருணித்து உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். ஒன்று மாத்திரம் சொல்லிவிட்டு நகருக்குள் போகிறேன். ரயிலும் லாரியும் வந்தபின் இந்தக் கால்வாய்கள் தூர்ந்து அழியும் தறுவாயில் இருந்தன. அந்தக் காலத்தில் எல். டி. சி. ரோல்ட் என்ற இஞ்சினீயர், தம் மனைவியுடன் ‘கிரெஸ்ஸி’ என்ற படகிலேயே குடியிருந்து, அந்த வாழ்க்கையைப் பற்றி 1944-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதைப் படித்த ராபர்ட் ஐக்மன் என்ற எழுத்தாளர், டார்டெபிக் உச்சியில் கட்டியிருந்த அந்தப் படகைத் தேடிக்கொண்டு 1945-இல் வந்தார். அந்தச் சந்திப்பின் பயனாக, கால்வாய்களைக் காப்பதற்கென்று மறு ஆண்டு உள்நாட்டு நீர்வழிச் சங்கம் பிறந்தது. பின்னால் இருவருக்கும் மனஸ்தாபம் உண்டாகிப் பிரிந்தார்கள் என்பது வேறு கதை. சங்கம் வைத்து நடத்துகிறவர்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இராது.

கால்வாய் வூஸ்டருக்குள் நுழைவது கொல்லைப்புறமாகத்தான். ராஜபாட்டையில் வருகிறவனுக்கு ஊர் தன் முகப்பைக் காட்டுகிறது. கால்வாயில் வருகிறவனுக்கோ பழைய தொழிற்சாலைகளின் செங்கற்சுவர்களும், கிடங்குகளின் கதவுகளும், துணி உலர்த்திய கொடிகளுமே முதலில் தென்படுகின்றன. அப்படி வந்து சிட்பரி என்னும் லாக்கை நெருங்கும்போது, கரையை ஒட்டி, கறுத்த மரச்சட்டங்களும் வெள்ளைச் சுண்ணச் சுவருமாக ஒரு பழங்கட்டடம் நிற்கிறது. மத்திய காலத்தில் யாத்திரிகர்களுக்கும் ஏழைகளுக்கும் புகலிடமாக ஏற்பட்ட தர்ம ஸ்தாபனம் அது. கமாண்டரி என்று பெயர். 1651-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி நடந்த வூஸ்டர் யுத்தத்தில் அரச பக்ஷத்தார் தங்கள் தலைமை ஸ்தானமாக வைத்துக்கொண்டது இந்த வீட்டைத்தான்.

சிரச்சேதம் செய்யப்பட்ட முதலாம் சார்லஸின் குமாரரும் பின்னாளில் இரண்டாம் சார்லஸ் ஆனவருமான இருபத்தொரு வயது வாலிபர், ஸ்காத்லாந்துச் சேனையுடன் இந்த நகரத்துக்குள் வந்து தங்கியிருந்தார். செவர்ன் நதியும், நகருக்குத் தெற்கே அதில் வந்து கலக்கும் டீம் என்ற சிற்றாறும் தமக்கு அரண் என்று அவருடைய தளபதிகள் எண்ணினார்கள், பாலங்களையும் இடித்துவிட்டார்கள். எதிரே வந்த பார்லிமெண்ட் சேனையின் தலைவர் கிராம்வெல் என்ன செய்தார் தெரியுமோ? நதியின் கீழ்ப்பகுதியில் கிடந்த படகுகளைச் சேகரித்து, நீரோட்டத்துக்கு எதிரே இழுத்துவரச் செய்து, இரண்டு ஆறுகளும் கூடுமிடத்தருகே ஒவ்வொன்றின் மேலும் ஒரு படகுப் பாலம் கட்டிவிட்டார். தேவாலயத்தின் கோபுரத்தில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்த இளைய சார்லஸின் கண்ணெதிரேயே சத்துருவின் சேனை ஆற்றைக் கடந்தது. அன்று சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. ராஜகுமாரர் மாறுவேஷம் பூண்டு, ஓக் மரத்தில் ஒளிந்து, கடைசியில் பிரான்ஸ் தேசம் போய்ச் சேர்ந்த விருத்தாந்தத்தை ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் எல்லாக் குழந்தைகளும் படிக்கிறார்கள். படகுகளைப் பற்றிப் படிக்கிறவர்கள் குறைவு. 1786-இல் ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெபர்சனும் இந்தப் போர்க்களத்தைத் தேடி வந்தபோது, அதைப் பற்றி உள்ளூர்க்காரர்கள் காட்டிய அசட்டை ஆடம்ஸுக்குக் கோபத்தையே மூட்டிவிட்டதாம். பிற்காலத்தில் அமெரிக்காவின் ஜனாதிபதிகளான இருவரும் எதைப் பார்க்க வந்தார்களோ, அது இன்றும் ஏறக்குறைய வெறும் புல்வெளிதான்.

கமாண்டரியிலிருந்து சில நிமிஷ நடைதூரத்தில், பீங்கான் தொழிற்சாலை இருந்த தெரு. டாக்டர் ஜான் வால் என்ற வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் 1751-இல் தொடங்கிய தொழில் அது. சீனத்துப் பீங்கானைப் போல் செய்ய ஐரோப்பா முழுவதும் முயன்றுகொண்டிருந்த காலம். பல இடங்களில் செய்த கிண்ணங்கள் பார்க்க அழகாகத்தான் இருந்தன. கொதிக்கும் தேநீரை ஊற்றினால் விரிந்துபோயின. வூஸ்டர்க்காரர்கள் பிரிஸ்டலில் இருந்த ஒரு சிறு தொழிற்சாலையை 1752-இல் வாங்கி, அதனோடு கார்ன்வால் கடற்கரைப் பாறைகளில் வெட்டும் மாக்கல்லை மண்ணுடன் கலக்கும் ரகசியத்தையும் பெற்றுக்கொண்டார்கள். மாக்கல் கலந்த கிண்ணம் சூடு தாங்கிற்று. தேநீர் குடிக்கும் வழக்கம் வளர வளர வூஸ்டரின் கீர்த்தியும் வளர்ந்தது.

இப்போது சூளைகள் அணைந்துவிட்டன. தொழிற்சாலைக் கட்டடங்களில் வீடுகள் வந்துவிட்டன. காட்சிசாலை ஒன்று மாத்திரம் எஞ்சியிருக்கிறது. அதில் ஜார்ஜ் ஓவன் என்ற தொழிலாளியின் கைவேலையைக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்று பார்த்தேன். சுடுவதற்கு முன், ஈரம் முற்றும் உலராத பாத்திரத்தின் சுவரில் கத்திமுனையால் ஒவ்வொரு துளையாக வெட்டி எடுத்து, ஜாடி முழுவதையும் சல்லடைக் கண்களாக்கியிருக்கிறார். அடிப்பாகத்தில் துளை பெரிது; கழுத்தை நோக்கிப் போகப்போக ஒரே கிரமமாகச் சிறுத்துக்கொண்டே போகிறது; சுற்றிவந்த வரிசை தொடங்கிய இடத்தில் வந்து முடியும்போது ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை. கோடு போட்டுக்கொள்ளாமலே செய்தார் என்றும், பெற்ற மகனைக்கூட வேலை செய்யும் அறைக்குள் விடமாட்டார் என்றும் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கான துளைகளில் ஒன்று உடைந்தாலும் அத்தனை நாள் உழைப்பும் மண். இப்படிப்பட்ட வேலைக்குப் பிரயோஜனம் என்ன என்று என்னுடன் வந்த நண்பர் கேட்டார். அவர் பர்மிங்ஹாமில் டாக்டராக இருப்பவர். ஜாடியில் தண்ணீர் நிற்காது என்பது உண்மைதான்.

அங்கிருந்து தேவாலயம் எதிரிலேயே. ஆலயத்தின் மிகப் பழைய பகுதி, அதன் தரைக்குக் கீழே இருக்கிறது. நார்மன் அரசர்கள் வந்து ஆங்கிலேயப் பிஷப்புகளையெல்லாம் நீக்கியபின்னும் தம் பீடத்தில் நிலைத்திருந்த ஸெயிண்ட் வுல்ஸ்டன், 1084-இல் புதிய ஆலயத்துக்கு அஸ்திவாரம் இட்டபோது எழுப்பிய நிலவறை அது. குட்டையான வட்டத் தூண்களும், அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பிரிந்து செல்லும் வளைவுகளும் தவிர அலங்காரம் ஒன்றும் கிடையாது. மேலே உள்ள கோதிக் சிற்பங்களைவிட எனக்கு அதுவே பிடித்தது. இந்த வுல்ஸ்டன்தான், செவர்ன் கடலோடு கலக்கும் பக்கத்தில் உள்ள பிரிஸ்டல் துறைமுகத்துக்குப் பலமுறை சென்று, மனிதர்களை அயர்லாந்துக்கு அடிமைகளாகக் கப்பலேற்றும் வியாபாரத்தை எதிர்த்துப் பிரசங்கம் செய்தவர்.

மேலே ஏறிவந்தால், பலிபீடத்துக்கு முன் ஜான் அரசனுடைய சமாதி. 1215-இல் பிரபுக்களின் நிர்ப்பந்தத்துக்கு உட்பட்டு மாக்னா கார்ட்டாவுக்கு இணங்கி, மறு ஆண்டே மாண்ட அந்த அரசன், தன்னை இங்கே புண்ணிய புருஷர்களான ஆஸ்வால்டுக்கும் வுல்ஸ்டனுக்கும் நடுவில் அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டானாம். சமாதியின் மேல் கிடக்கும் கற்பிரதிமையில் அவன் தலையின் இருபுறமும் அவ்விரு பெரியார்களும் சிறு உருவங்களாகச் சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டிருக்கிறார்கள். காலடியில் ஒரு சிங்கம் அவனுடைய வாளின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் உள்ள அரசர்களின் பிரதிமைகளில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். வாழ்ந்த காலமெல்லாம் ஒருவரையும் நம்பாதவனும் ஒருவராலும் நம்பப்படாதவனுமான அவன், மோக்ஷத்துக்குப் போகும் வழியில் மட்டும் இரண்டு நல்ல துணைகளைத் தேடிக்கொண்டதைப் பார்க்கும்போது, அவனுக்குச் சாமர்த்தியம் இல்லை என்று எந்தச் சரித்திராசிரியராலும் சொல்ல முடியாது. தெற்குப் புறத்தில் ஆர்தர் இளவரசனுடைய பிரார்த்தனை மண்டபம். ஏழாம் ஹென்றியின் மூத்த மகனாகிய அவன் பதினைந்து வயதில், 1502-இல் இறந்துபோனான். பிழைத்திருந்தால் அவன் தம்பி எட்டாம் ஹென்றி பட்டத்துக்கே வந்திரான். அண்ணியாக இருந்த காதரீனை மணந்து, விலக்கி, அதன் பொருட்டு ரோமாபுரியோடு விரோதித்துக்கொண்டும் இரான்.

மதியம் கடைத்தெருவுக்குப் போனோம். தேவாலயத்தை நோக்கியபடி எட்வர்ட் எல்கரின் சிலை நிற்கிறது. பக்கத்துக் கிராமத்தில் 1857-இல் பிறந்த அவர், இந்தத் தெருவில் தகப்பனார் நடத்திய சங்கீதக் கடையில் விற்பனைக்கு இருந்த புத்தகங்களைப் புரட்டிப் புரட்டியே சங்கீத சாஸ்திரத்தைப் பெரும்பாலும் தாமாகக் கற்றுக்கொண்டவர். சிறு பையனாக இருந்தபோது செவர்ன் கரை நாணற்புதர்களுக்குள் காகிதமும் கையுமாக உட்கார்ந்து, அங்கே கேட்கும் ஓசையை எழுதிவிட முயல்வாராம். முதுமையில் அவரே இதை ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் இருபது பவுன் நோட்டில் அவருடைய படமும் இந்தத் தேவாலயமும் சேர்ந்து இடம்பெற்றன. கடைக்காரர் மகனுக்கு இது சாமானியமான மரியாதையன்று.

அதே வட்டாரத்தில், பிராட் தெருவில், லீ என்பவரும் பெரின்ஸ் என்பவரும் மருந்துக்கடை வைத்திருந்தார்கள். அவர்கள் 1837 முதல் விற்கத் தொடங்கிய சாஸ், இந்த ஊரின் பெயரைத் தாங்கி உலகமெங்கும் போயிற்று. வங்காளத்தில் கவர்னராக இருந்த ஒரு பிரபு அதன் செய்முறையைக் கொண்டுவந்தார் என்றும், முதலில் செய்தது வாயில் வைக்க வழங்காமற்போகவே நிலவறையில் போட்டு மறந்துவிட்டார்கள் என்றும், பல மாதம் கழித்துத் திறந்தபோது அமிர்தமாக மாறியிருந்தது என்றும் ஒரு கதை உண்டு. கதையில் வரும் அந்தப் பிரபுவின் பெயரில் வங்காளத்தை ஒரு கவர்னரும் ஆண்டதில்லை. கதை விளம்பரத்துக்கு உதவிற்று, அவ்வளவுதான். ஆனால் அதில் சேரும் சரக்கு பொய்யன்று: காடி, வெல்லப்பாகு, பூண்டு, வெங்காயம், உப்பில் ஊறப்போட்ட நெத்திலி, இவற்றோடு புளி. நண்பரின் தாயார் எங்களோடு படகில் வந்திருந்தார். ஒரு சீசா வாங்கிக்கொண்டு போய்ப் படகுச் சமையலறையில் அவரிடம் ஒரு கரண்டி கொடுத்தபோது, நாக்கில் வைத்துச் சப்புக்கொட்டி, “தம்பி, நேத்து வச்ச மீன் குழம்பைத் துணியில வடிகட்டி எடுத்த மாதிரி இருக்கே!” என்றார். அந்த சாஸைப் பற்றி எழுதப்பட்ட எல்லாவற்றிலும் இதுவே சரியான விமரிசனம் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் நதிக்கரைக்கு வந்தோம். தேவாலயத்தின் பின்புறம் ஆற்றுக்கு இறங்கும் பழைய நீர்வாசலின் சுவரில், வெள்ளம் ஏறிய மட்டங்களை ஆண்டுவாரியாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள். 1770, 1947 என்று எழுதிய கோடுகளைப் பார்க்க அண்ணாந்து நிற்க வேண்டும். வேல்ஸ் தேசத்து மலைகளில் பிறந்து 220 மைல் ஓடிவரும் இந்த நதி, அங்கே மழை பெய்தால் சில நாட்களில் இங்கே கரை கடந்துவிடும். இதை அறிந்த ஊர்க்காரர்கள் தேவாலயத்தை மேட்டில் கட்டினார்கள். தாழ்ந்த நிலத்தை விளையாட்டுக்கு விட்டுவிட்டார்கள். வடக்கே குதிரைப் பந்தய மைதானம். எதிர்க்கரையில் கிரிக்கெட் மைதானம். குளிர்காலத்தில் இரண்டும் ஏரியாகிவிடும். 2007-இல் கோடைக்காலத்திலேயே வெள்ளம் புகுந்து, அந்த ஆண்டின் மீதி ஆட்டங்களை வேற்றூர்களுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் கிரிக்கெட் மைதானத்தில்தான் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் டான் பிராட்மன் 1930-இல் 236, 1934-இல் 206, 1938-இல் 258 ஓட்டங்கள் எடுத்தார். யுத்தம் முடிந்து 1948-இல் வந்தபோது 107-தான் எடுத்தார் என்று உள்ளூர்க்காரர்கள் இன்னும் குறைப்பட்டுக்கொள்கிறார்களாம். தன் தாய்நாடான தென்னாப்பிரிக்காவில் நிறத்தின் காரணமாக இடம் மறுக்கப்பட்ட பாஸில் டொலிவேராவை அணைத்துக்கொண்டதும் இந்த மைதானமே. வெள்ளத்தைச் சுவர் எழுப்பி எதிர்க்காமல், இந்த இடம் உனக்கு, அந்த இடம் எனக்கு என்று நதியோடு பாகப்பிரிவினை செய்துகொண்டதை நான் மிகவும் மெச்சினேன்.

ஆனால் நதியின் குடிகள் எல்லோருக்கும் அந்தப் பாகப்பிரிவினை நியாயமாக அமையவில்லை. கரையோரமாகத் தெற்கே நடந்தால் டிக்லிஸ் என்னும் இடத்தில், நதிக்குக் குறுக்கே தடுப்பணையும் பெரிய லாக்குகளும் இருக்கின்றன. நதியில் எப்போதும் படகு ஓடும் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும் என்று 1840-களில் இப்படிப்பட்ட அணைகளை வரிசையாகக் கட்டினார்கள். படகுகளுக்கு லாக் வைத்தார்கள். மீன்களுக்கு ஒன்றும் வைக்கவில்லை. கடலில் வளர்ந்து, வசந்தத்தில் முட்டையிட ஆற்றில் ஏறிவரும் ‘ஷாட்’ என்ற மீன், சால்மனைப் போல் துள்ளிக் குதித்துத் தடையைத் தாண்டும் சக்தி இல்லாதது. தலைமுறை தலைமுறையாக ஏறிவந்த வழி அடைபட்டு, அது அணையின் அடியிலேயே நின்றுவிட்டது. சமீப காலத்தில்தான், 2020-ஐ ஒட்டி, அணையின் பக்கத்தில் மீன்கள் நிதானமாக நீந்தி ஏறும்படி படிப்படியான நீர்ப்பாதை ஒன்றை வெட்டி, தண்ணீருக்குக் கீழே கண்ணாடிச் சாளரமும் வைத்திருக்கிறார்கள். ஷாட் ஏறுவது மே மாதத்தை ஒட்டித்தான். நாங்கள் போனதோ கோடையின் கடைசியில். அதைப் பார்க்கும் பாக்கியம் எங்களுக்குக் கிட்டவில்லை.

அந்த மீனைப் பற்றி நான் இவ்வளவு விசாரித்ததற்குக் காரணம் உண்டு. வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடுவதும் நம்மவர்கள் உள்ளம் என்று சொல்வதுமான மீன், இந்த ஷாட்டின் இனத்தைச் சேர்ந்தது. அதுபோலவே கடலிலிருந்து ஆற்றில் ஏறுவது. செவர்ன் நதியை அணைகளால் தடுப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால்தான், 1836-இல், ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் கட்டினார். பாசனத்துக்கு அவை செய்த உபகாரத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அணையின் அடியில் உள்ளம் மீன் தடைப்பட்டு நின்ற விஷயத்தை, மீன்வளத்தை ஆராய நியமிக்கப்பட்ட பிரான்சிஸ் டே 1870-களிலேயே அரசாங்கத்துக்கு எடுத்து எழுதியிருக்கிறார். 1934-இல் மேட்டூர் அணையும் முடிந்தபின் காவிரியில் அந்த மீனின் வரத்து மேலும் ஒடுங்கிப்போயிற்று. அந்தக் கீழணையின் அணைக்கரைப் பாலத்தின் மேல் பஸ்ஸில் போயிருக்கிறவர்கள் இந்தச் சபையில் பலர் இருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களில், கொள்ளிடத்தில் உள்ளம் பிடித்ததையோ, அதை வாங்கிக் குழம்பு வைத்ததையோ சொல்லக் கேட்டவர்கள் யாரேனும் இருந்தால், எந்த மாதத்தில், எந்த ஊர்த் துறையில் என்ற விவரங்களோடு, கூட்டம் முடிந்தபின் என்னிடம் வந்து சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். எழுதிவைத்துக்கொள்ள நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன்.